எடுத்துக்கொடுத்த சொற்கள்

நேற்று என் வகுப்பில் ஒரு சிறுமி பாடம் வாசிக்கையில் நடுவில் நின்றாள். பக்கத்துப் பிள்ளை அடுத்த சொல்லை அவள் காதில் எடுத்துக்கொடுத்தது. அந்தக் கிசுகிசுப்பு என்னை என் பள்ளி நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளில், முக்கூடல் பள்ளியில், வாசிக்கத் தெரியாத சுடலைமுத்துவுக்குச் சொல்லிக்கொடுக்க டீச்சர் என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவன் நான். டீச்சராகவே ஆகிவிட்ட பெருமை எனக்கு. சுடலைமுத்து ஆற்றில் குளித்த ஈரத்தலையோடு வருவான். டீச்சர் வாசிக்கச் சொல்லும்போது அவன் அடி வாங்கக் கூடாதென்று ஒவ்வொரு சொல்லையும் காதில் சொன்னேன். விரலை வரிமேல் நகர்த்தியபடி திருப்பிச் சொல்வான்.

"பய தேறிட்டாம்லா" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அவனைத் தனியாக முன்னால் அழைத்து வாசிக்கச் சொன்னார். விரல் முதல் சொல்லிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்லே சும்மா இருக்க? சொல்லுலே" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவன் செங்கல் சூளைக்குப் போனான்.

நேற்று எடுத்துக்கொடுத்த பிள்ளையைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். சிறுமியிடம், "பைய வாசி தாயி, நான் நிக்கேன்" என்றேன். அவள் எழுத்துக் கூட்டும்வரை வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதி முழுக்க, "சொல்லுலே" என்று என் காதுக்குள் சுடலைமுத்து கேட்டுக்கொண்டே இருந்தான்.