முப்பத்தைந்து வயதில் மடங்காத விரல்கள்

பீங்கான் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலையில் எல்லாமே விரல்தான். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் தவிக்கும் சகோதரிகளே, 1970களில் விருத்தாசலத்தில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

சரிந்த பலகை

ஒரு நாள் காலை, பட்டறையில், சூளையில் இன்னும் சுடாத கோப்பைகளைப் பலகையோடு தூக்கினேன். இரண்டு கையும் கட்டைபோல இருந்தன. பலகை நழுவி, அத்தனையும் தரையில் நசுங்கிக் கிடந்தன. மூன்று பிள்ளைகளின் சோறு அந்தக் கைகளில்தான் இருந்தது. மேஸ்திரி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவ இப்புடின்னா வூட்லயே இருந்துக்கம்மா.”

அஞ்சலை அக்காவின் எண்ணெய்

பக்கத்தில் வேலை செய்த அஞ்சலை அக்காவுக்கு அறுபது தாண்டியிருந்தது. நாளெல்லாம் நின்றால் சாயங்காலம் வலது முட்டி வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். அதற்கு அவர் தேய்க்கிற எண்ணெயையே நானும் தேய்த்தேன். எனக்கோ படுத்து எழுந்தால்தான் வலி அதிகம். இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கிச் சுட்டன, உள்காய்ச்சல் வேறு. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: “கெழவி நானு, என்னயே முந்திக்கிட்டியேடி!”

பிராது

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனுக்கே மனு எழுதிப் பிராது கட்டுவார்கள். போனேன். எழுதித் தருபவர், யார் மேல் என்று கேட்டார். யார் பெயரைச் சொல்வது? அழுதேன். அவர் பேனாவை மூடினார். “எதிராளி பேரு இல்லாம சாமி யார விசாரிக்கும்? மொதல்ல டாக்டரப் பாருங்க தாயி.”

டாக்டரம்மா

காலையில் விரல் எப்போது இளகும் என்று கேட்டார் டாக்டரம்மா. “அடுப்பு மூட்டி, சோறு வடிச்சு, சாமி கும்புட்டு முடிக்கிற வரைக்கும் இளகாதுங்க” என்றேன். அவர் முகம் மாறியது. அக்காவின் முட்டிவலியையும் சொன்னேன். அவருக்கு இருப்பது வயதுத் தேய்மானம், எனக்கு முடக்குவாதமாம். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குமாம். இளம் வயதிலும் வருமாம். விட்டுவிட்டால் விரல் கோணிவிடுமாம். என் உடம்பா எனக்கு இதைச் செய்தது? “இன்னும் கோணலம்மா. மருந்த வுடாம சாப்புட்டா வேலைய வுட வேணாம்.”

மேஸ்திரி

மருந்து பிடித்த பிறகு மேஸ்திரியிடம் எல்லாம் சொல்லி, கைப்பிடி வேலையை மத்தியானத்துக்கு மாற்றித் தரக் கேட்டேன். மாற்றித் தந்தார். ஆனால் அங்கேயே நின்றார், முகம் வெளுத்திருந்தது. “எம் பொண்டாட்டியும் காலையில கை மடங்கலன்னு அழுவுறாம்மா… சோம்பேறின்னு திட்டிக்கிட்டிருக்கேன்.”

வலிக்கிற கைக்கு வயசு, கண்ணேறு, சோம்பல் என்று எல்லாப் பேரும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டாக்டரிடம் காட்டுகிறோம்.