திருப்பூரில் ஹேண்டில் பார் மாற்றினேன்

பைக்குக்கு வேறு பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேறு ஹேண்டில் பார் மாட்டிக் கொடுத்தால் மட்டும் திரும்பி வருவார்கள். அடுத்தவர் ஆசையைச் செய்து கொடுத்து மாட்டிக்கொண்ட எந்தத் தொழில்காரருக்கும் இது புரியும். இரண்டாயிரத்துகளின் நடுவில் அவிநாசி ரோட்டில் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கோபத்தில்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் எனக்குப் புதிது.

பனியனில் இருந்த படம்

பனியனில் படம் அச்சடிக்கும் யூனிட் வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் ஒருநாள் ஒரு பனியனைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த சாம்பிள். நெஞ்சில் ஒரு மோட்டார் சைக்கிள் படம். அதன் ஹேண்டில் பார் மாட்டுக் கொம்பு மாதிரி தோள் உயரத்துக்கு எழும்பி நின்றது. "இதே மாதிரி என்ற புல்லட்டுக்கு வேணுங்க" என்றார். ஐம்பது வயதுக்காரருக்கு இது எதற்கு? வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இத்தனை வருசமா படத்தை அடிச்சு அடிச்சு அனுப்பறனுங்க. ஒருக்கா ஓட்டிப் பாக்கலாம்னுதானுங்க."

குழாயை வளைத்து மாட்டினேன். பழைய கேபிள்கள் எப்படியோ எட்டிவிட்டன. போதும் என்று விட்டுவிட்டேன். மறுநாளே வந்தார். இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு வண்டி தானாக உறுமுகிறதாம். யூனிட் வாட்ச்மேன் இவரைக் கண்டாலே ஒதுங்கி நிற்கிறாராம். அசடு வழிய நின்றேன். அண்ணன் சொன்னார்: "பனியன்ல கேபிள் வரையாம உட்டது அவிய தப்புங்க, நீங்களும் உட்டுட்டீங்களே!"

மடத்துக்குளத்துக் கேட்

மடத்துக்குளத்திலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு வேறு மாதிரிக் கவலை. தோட்டத்து வாசலில் இரண்டு கல்தூண். நடுவே ஆள் நுழையும், மாடு நுழையும், இவருடைய பைக் ஹேண்டில் நுழையாது. தூண் தாத்தா நட்டதாம், பிடுங்க மனசில்லை. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்துப் போனது. அகலம் குறைந்த நேர் ஹேண்டிலாகத் தேடி எடுத்தேன். குழாய் கொஞ்சம் ஒல்லி. கிளாம்பில் லூசாக நின்றது. தகரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டேன்.

இது நான் வெட்கப்படுகிற வேலை. ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியிருக்கிறது. அவர் பிரேக் பிடித்திருக்கிறார். ஹேண்டில் கிளாம்புக்குள் அப்படியே சுழன்று முன்னால் சாய, வண்டியும் ஆளும் வாய்க்காலில். போனில் செய்தி வந்தது. சரியான பருமனில் குழாய் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். முழங்கையில் கட்டோடு எழுந்து வந்தவர், முதலில் ஓர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார். நான் குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் சொன்னார்: "கேட்டுக்குள்ள நொழையறதுக்குக் கேட்டனுங்க; வாய்க்காலுக்குள்ள நொழையறதுக்குக் கேக்கலீங்களே."

அன்றிலிருந்து என் பட்டறையில் தகரத் துண்டு கிடையாது.

அட்டையில் வெட்டிய அளவு

செல்லையா அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர், கார்மென்ட்ஸ் ஒன்றில் பேட்டர்ன் மாஸ்டர். சட்டைக்கு அட்டையில் அளவு வெட்டுவது அவர் வேலை. பஸ் மோதி வலது தோள் உடைந்து எட்டு மாதம் வண்டி தொடவில்லை. கை குணமாகியும் முழுதாக முன்னால் நீளவில்லை. அவர் என் மேஜையில் இரண்டு அட்டைகளை வைத்தார். இடது கைப்பிடிக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வலது ஒன்றரை இஞ்ச் பின்னால்.

இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காதா? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே வளைத்தேன். மாட்டி, முதலில் நானே ஓட்டினேன். என் கைக்குத்தான் கோணலாக இருந்தது. சக்கரம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அண்ணாச்சி ஏறி ரோட்டைக் கடந்து, ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. காட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "சட்டைன்னா ரெண்டு கையும் ஒரே அளவுல தச்சிருப்பானுவ, நல்லவேள, நீ டெய்லர் இல்லடே."

ஜெசிந்தாவின் பைக்

பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த ஜெசிந்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் மைதானத்தில் கணவரின் பைக்கை ஓட்டிப் பழகியவர். ஹேண்டில் எட்டவில்லை, குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது என்று கணவரோடு வந்தார். பைக்கை ஒரு பெண் தனக்காக மாற்றக் கேட்டது என் பட்டறையில் அதுதான் முதல் தடவை. இரண்டு இஞ்ச் பின்னால் இழுத்துக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார். அடுத்துக் கணவர் உட்கார்ந்தார். நெட்டை மனுஷன், ஹேண்டில் திரும்பும்போது முட்டி இடித்தது.

"நான் எப்படி ஓட்ட?" என்றார் பாவமாக. ஜெசிந்தா சாவியை வாங்கிக்கொண்டார்: "நீங்க பின்னாடி உக்காருங்க. அங்க ஹேண்டிலே கிடையாது."

ஆக, நான் செய்ததெல்லாம் நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டியதும், மனிதர்கள் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்று வாய் பிளந்து வேடிக்கை பார்த்ததும்தான். இரண்டாவதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்தார்களே என்பதுதான் இன்னும் தீராத ஆச்சரியம்.