தென்காசி அக்காவின் தலைநகரம்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி அக்காவின் குடை ஈரத்தோடுதான் அலுவலகத்துக்கு வரும். திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க நாங்கள் முட்டி மோதிக்கொண்டிருப்போம். காலை ரயிலில் வந்திறங்கிய அக்கா சாவகாசமாக உள்ளே நுழைந்து, இன்னும் காயாத கறுப்புக் குடையை ஜன்னல் பக்கம் விரித்து வைப்பார். மடக்கி மூலையில் சாத்தலாம், சாத்தமாட்டார். "எங்க ஊர்ல சாரல்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு உட்காருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர்ப் பெருமையில் நானும் லேசுப்பட்டவள் இல்லை. திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்குப் பக்கத்தில் பிறந்தவள். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்துக் கை சிவந்தவள். தட்டினால் சுரம் பேசும் கல்தூண்களும், செப்புத் தகடு வேய்ந்த சபையும், வற்றாத ஆறும் எங்களுக்கு இருக்கும்போது, இரண்டு மாதச் சாரலை வைத்துக்கொண்டு இவ்வளவு மிடுக்கா என்று தோன்றும். வருவாய்த் துறையில் எழுத்தராக நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சண்டைக்கு அது போதாதா?

"உங்க ஊரு கலெக்டர் இருக்கிற ஊரு. எங்க ஊரு ராஜா இருந்த ஊரு. மதுரையை விட்டு வந்த பாண்டியரெல்லாம் அங்கனதான் முடிசூட்டிக்கிட்டாங்க. தலைநகரம்ட்டி அது" என்பார் அக்கா.

"இப்ப அது தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊருக்கா" என்பேன். சாப்பாட்டு வேளையில் இதைக் கேட்பதற்கென்றே அடுத்த பிரிவிலிருந்து ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்து உட்காருவார்கள். எத்தனையோ விஷயங்களில் நான் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். தலைநகரம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் என் வாயிலிருந்து அவரால் வாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போய் ஊரைக் காட்டினார். காசி விசுவநாதர் கோவிலின் ராஜகோபுர வாசலில் கால் வைத்ததும் எதிர்க்காற்று என்னைப் பின்னால் தள்ளியது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலெட்டு நடந்தால், இப்போது காற்று முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளுகிறது. காற்றையே தான் ஏற்பாடு செய்திருந்த மாதிரி அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கோபுரம் பிளந்துபோய் மொட்டையாகத் தலைமுறை தலைமுறையாகக் கிடந்ததையும், சின்னப் பிள்ளையாக அதை அண்ணாந்து பார்த்து அழுததையும், தன் காலத்திலேயே அது மறுபடி எழும்பியதையும் சொன்னார். பின்னால் வந்து இந்தக் கோவிலைக் காப்பாற்றுகிறவர்கள் காலில் விழுந்து கும்பிடுவதாக ஒரு ராஜா கல்லில் வெட்டி வைத்த கதையையும் அங்கேதான் கேட்டேன். என் வாய் அடைத்துப் போனது. மறுநாள் அலுவலகத்தில் திறந்துகொண்டது என்பது வேறு விஷயம்.

அப்படியே வருஷங்கள் ஓடின. இருவரும் துணைத் தாசில்தார் ஆகியிருந்தோம். அக்காவுக்கு ஓய்வு நெருங்கிய சமயத்தில் மாவட்டத்தைப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது. தென்காசி தனி மாவட்டம், அதற்குத் தலைநகரம் தென்காசியே. செய்தி வந்த மத்தியானம் அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

ஊழியர்கள் எந்த மாவட்டத்தில் இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டார்கள். இதில்தான் சிக்கல். பதவி உயர்வு வரிசையில் அக்காவுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். அங்கேயே போவதாக இருந்தார்கள். அக்கா திருநெல்வேலியில் தங்கினால் அடுத்த தாசில்தார் அவர்தான். தென்காசிக்குப் போனால் அங்கேயும் அவர்களுக்குப் பின்னால்தான். ஓய்வு பெறும்வரை முறை வராது. அவருக்கு அடுத்த ஆள் நான். அவர் போனால் அந்த நாற்காலி எனக்கு.

எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். நானும் மன்றாடினேன். "எனக்கு இன்னும் சர்வீஸ் கிடக்குக்கா. நீங்க தாசில்தாரா ஜீப்புல போயி இறங்கணும். அதை நான் பாக்கணும்" என்றேன். சத்தியமாக மனதிலிருந்துதான் சொன்னேன்.

"ஏட்டி, ராஜா போன பிறகு எங்க ஊரு இத்தனை காலம் அடுத்தவனுக்குக் கையைக் கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார். "மறுபடி அது எந்திரிச்சு நிக்குத நேரத்துல நான் இங்கன உக்காந்து உங்க ஊரு ஃபைலைப் பாத்துக்கிட்டா இருப்பேன்? சிவகிரிப் பக்கத்துப் பொம்பளைக ஒரு மனு குடுக்கதுக்குக் கோழி கூவ எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி இங்கன வந்து மயங்கி விழுந்ததை நீயும்தான பாத்த? அவளுக இனி எங்க ஊருக்கு வருவாளுக. வரும்போது நான் அங்கன இருக்கணும்."

அக்கா போனார். நான் தாசில்தார் ஆனேன். முதல் நாள் ஜீப்பில் ஏறி, பக்கத்தில் அக்காவுக்கு இடம் விட்ட மாதிரி ஓரமாக உட்கார்ந்தேன்.

அவர் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கையில், இரண்டு மாவட்டங்களின் எல்லையில் கிடந்த நிலம் ஒன்றின் விஷயமாக நான் தென்காசிக்குப் போக நேர்ந்தது. திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். புது அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. இருந்த இடத்தில் நெருக்கியடித்து மேசைகளைப் போட்டிருந்தார்கள். வராந்தாவில் கூட்டம். மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த ஒரு மூதாட்டி, "அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா வீட்டுல போயி உலை வச்சிருவேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு நடந்தாள். கொக்கிரகுளத்தில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு நடுவில், நின்றபடியே ஒவ்வொருவருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. இளைத்திருந்தார். முகம் மட்டும் கோபுர வாசலில் அன்று பார்த்த அதே முகம்.

என்னைக் கண்டதும் தன் பிரிவுக்குள் அழைத்துப் போனார். "எல்லாரும் எந்திரிங்கப்பா. தாசில்தார் மேடம் வந்திருக்காங்க" என்றார். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "வெளியூரு. பக்கத்து ஜில்லா. நல்லா கவனிங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆமாக்கா," என்றேன், "உங்க தலைநகரத்தைப் பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

அக்கா மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுட்டி," என்றார், "இவங்களுக்கும் கேக்கட்டும்."