பன்னீரில் குளித்து வந்தவர்

கர்ப்பமான இரண்டாவது மாதத்தில் என் மூக்குக்குப் பைத்தியம் பிடித்தது. நான் கோடியக்கரையில் பிறந்தவள். வாசலில் கருவாடு காய, அதற்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படித்துப் பரீட்சை எழுதியவள். அப்படிப்பட்டவளுக்கு மீன் வாடை ஆகவில்லை என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? பெரிய ஜமீன் வீட்டுப் பெண் என்று தெருவே கேலி செய்தது.

கேலியைத் தாங்கிக்கொண்டேன். சோறு உள்ளே தங்காததைத்தான் தாங்க முடியவில்லை. கஞ்சி, மோர், மாதுளம்பழம், எது போனாலும் போன வேகத்தில் திரும்பி வந்தது. முந்தின வருஷம்தான் ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் எடை மெஷினில் ஏறினால் முள்ளைப் பார்க்காமல் நர்ஸம்மாவின் முகத்தையே பார்ப்பேன். மூன்றாவது தடவையும் எடை இறங்கியிருந்தது.

"இப்படியே எறங்கிக்கிட்டுப் போனா உள்ள இருக்குறதுக்கு என்னத்தக் குடுப்ப நீ? எப்படியாவது ரெண்டு வாய் தங்குற மாதிரி பாரும்மா" என்றார் நர்ஸம்மா.

என் வீட்டுக்காரர் பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். காலையில் அவர் கரையேறி வருவதற்கு முன்பே டீசலும் வலையும் மீனும் சேர்ந்த வாடை வீட்டுக்கு வந்துவிடும். சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. "கிட்ட வராதீங்க" என்று கத்துவேன். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அந்த மனுஷனைக் கொல்லைக் கொட்டகையில் வலைக் குவியலோடு படுக்க வைத்தேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ஆறுதலையும் எனக்குத் தரவில்லை.

நர்ஸம்மாதான் அவரிடம் யோசனை சொன்னார். பஸ்ஸில் குமட்டினால் கைக்குட்டையில் ரெண்டு சொட்டுப் பன்னீர் விட்டு முகர்வாராம், முகத்திலும் ஒற்றிக்கொள்வாராம், கொஞ்சம் தெளியுமாம். நம்ம ஆள் அன்றைக்கே வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். "மொகத்துக்குப் போடுறதா, விசேஷத்துக்குத் தெளிக்கிறதா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். முகத்துக்கு என்றால் ரோஜா இதழைக் காய்ச்சி வடித்தது. தோலுக்குக் குளிர்ச்சி, லேசாகத்தான் மணக்கும். தெளிக்கிறது என்றால் தண்ணீரில் சென்ட் கலந்தது. தெருமுனை வரைக்கும் மணக்கும், ஆனால் மேலுக்குத் தேய்க்கக் கூடாது.

"எதுல வாசன ஜாஸ்தியோ அதையே குடுங்க. ஆறு பாட்டில்."

"வீட்டுல கல்யாணங்களா?"

"இல்லீங்க, குளிக்கத்தான்."

மறுநாள் குளித்து முடித்து, மூன்று பாட்டிலைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, வாய் கொள்ளாத சிரிப்போடு வாசற்படியில் வந்து நின்றார். கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவு ஆசை.

நான் போட்ட அலறலில் அக்கம்பக்கம் ஓடி வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடம்பு கரை ஒதுங்கியது. கொஞ்ச நேரம்தான் வாசலில் வைத்திருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரமும் வாடை தெரியக் கூடாது என்று வெள்ளைத் துணி நனைய நனையப் பன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு பன்னீர் என்றால் எனக்கு அதுதான். தெருப் பெண்கள் உப்புக்காற்றில் வறண்ட முகத்துக்குப் பஞ்சில் தொட்டுத் தடவும்போது நான் எழுந்து போய்விடுவேன். என் கல்யாணத்தில்கூட, சளி பிடிக்கும் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பன்னீர்ச் செம்பை வைக்க விடவில்லை. இவர் வேறு ஊர்க்காரர். மாமனார் கடலில் போனார் என்பது தெரியும், மற்றதை நான் சொன்னதில்லை.

அன்றைக்கு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிக்குக் கீழே இறங்கி நின்று கேட்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றார். நேராகக் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன சென்ட் அன்று முழுக்கப் போகவே இல்லை. நானே கொட்டகை வரைக்கும் போய், தூரத்தில் நின்று சொன்னேன்.

"நாளைக்குக் கடல்லேருந்து குளிக்காம வாங்க. மீன் வாடையோடயே வாங்க."

"உனக்கு வாந்தி வருமே?"

"வரட்டும். உசுரோட வந்துருக்கீங்கன்னாவது எனக்குத் தெரியணும்."

மறுநாள் அப்படியே வந்தார். முழங்கை வரைக்கும் செதில். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்துக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். மூன்றாவது வாயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போகப் பார்த்தார். செதில் ஒட்டிய அந்தக் கையை விடாமல் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "இன்னொரு வாய் குடுங்க" என்றேன்.