பூந்தமல்லிக்குப் போன திங்கட்கிழமைகள்

என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவதாக நீதிமன்றத்தில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்திலா பயத்திலா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

ஆவடி மார்க்கெட் பக்கம் குடித்துவிட்டு ஒரு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு, அவர் மண்டையை உடைத்திருந்தான். தையல் போட்டு, நல்லவேளையாக அவர் தேறிவிட்டார். தம்பி மேல் அதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. அதனால் நிபந்தனையோடு விட்டார்கள். ஒரு வருஷம் திங்கட்கிழமைதோறும் பூந்தமல்லியில் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும். குடிக்கக் கூடாது. குடியை விடுவதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். மீறினால் மறுபடி நீதிமன்றம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. நான் கல்யாணமாகியும் முத்தாபுதுப்பேட்டையில் அடுத்த தெருவிலேயே இருந்தேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதோடு சரி, காலையில் சும்மாதான் இருப்பேன். அதனால் கூடப் போகும் வேலை எனக்கு வந்தது.

அலுவலர் ஒரு அம்மா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதட்டுவார் என்று நினைத்துப் போனோம். அவர் தம்பிக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தம்பி, ஒரே மருந்து எல்லாருக்கும் ஒத்துவராது. வீட்டுல இருந்துகிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரை வாங்கலாம், ஆலோசகர்கிட்ட பேசலாம். இல்ல, மறுவாழ்வு மையத்துல தங்கிக்கலாம். குடியை விட்டவங்களே கூடிப் பேசுற கூட்டமும் இருக்கு. நீங்க என்ன நினைக்கிய?"

அவனிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை. தங்கினால் வேலை போய்விடும் என்று, வீட்டிலிருந்தே போவதாகச் சொன்னான்.

முதல் வாரம் மோசம். பழகின உடம்பு சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்தவைத்தார். அப்படியும் டம்ளரைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் காபி. "இன்னாக்கா, பச்சக் கொழந்த மாதிரி ஆயிட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமைகள் வந்தன. ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறி ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுப்பான். பருத்திப்பட்டு ஏரி வந்ததும் எழுந்து நின்று பார்ப்பான், தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று. என் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல பத்து வார்த்தை பேசியதில்லை. பஸ்ஸில் பேசினோம். இப்போது வீட்டுமனையாகிப்போன எங்கள் கொல்லையில் வெள்ளரிப்பிஞ்சு பறித்துத் தின்று வயிற்றுவலி வந்தது, நான் எட்டாம் வகுப்பில் அவன் ரேங்க் கார்டில் பொய்க் கையெழுத்துப் போட்டது, எல்லாம் வந்தது. திரும்பும்போது கரையான்சாவடியில் இறங்கி வாழைக்காய் பஜ்ஜி. மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டு ஒரே புழுதி. பஜ்ஜியில் பாதி மண்தான். அதைப் போல ருசி பிறகு கிடைக்கவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். திருநின்றவூரில் கூட்டாளி ஒருவனுக்குக் கல்யாணம். போய்விட்டு வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தான்.

"அன்னிக்குக் குட்சிட்டேன்க்கா."

"தெரியும்."

"மேடத்தாண்ட சொல்லிடப் போறேன்."

நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். "பைத்தியமா உனக்கு? ஒரே ஒரு நாள்தானே. யாரும் பாக்கல. வாயை மூடிக்கிட்டு வா."

"இல்லக்கா. இப்ப மறைச்சேன்னா அடுத்த வாரமும் குடிப்பேன். எனுக்குத் தெரியும்."

ஏரி வந்தது. அவன் எழுந்து பார்க்கவில்லை.

அந்த அறையில் அவன் சொல்லி முடித்ததும் அலுவலர் அவன் ஃபைலை எடுத்துப் பிரித்தார். நான் கும்பிட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். "உக்காருங்கம்மா" என்றார். பிறகு அவனிடம், "இதை நான் நீதிமன்றத்துக்குச் சொல்லியாகணும். நீங்களா வந்து சொன்னீங்கங்கிறதையும் சொல்லுவேன். இந்தச் சிகிச்சை போதல, மாத்திப் பாக்கலாம்னும் சொல்லுவேன். தங்கிப் பாக்குறீங்களா?" என்றார். தம்பி தலையாட்டினான்.

நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. நூம்பலில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முன்பக்கம் புது அடுக்குமாடி, பின்பக்கம் இன்னும் எருமை கட்டியிருந்தார்கள். முதலில் பார்க்கவே விடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐம்பது பேருக்கான சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. "தோ, அழுவறேன்னு நெனைக்காதே, வெங்காயம்" என்றான். அழுதுகொண்டுதான் இருந்தான். பட்டறை முதலாளி திட்டிக்கொண்டே வேலையை வைத்திருந்தார்.

வெளியே வந்தபிறகு வாரம் தவறாமல் கூட்டத்துக்குப் போனான். கண்காணிப்பு முடிந்த அன்றைக்கு அலுவலர், "இனிமே நீங்க வர வேண்டாம், தம்பி" என்று சிரித்தார். அவன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அடுத்த திங்கட்கிழமை காலை பழக்கத்தில் புடவையை மாற்றிவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

இப்போது அவன் வேப்பம்பட்டில் இருக்கிறான். மனைவி, ஒரு பெண் குழந்தை. குடிப்பதில்லை. ஏதாவது விசேஷத்தில்தான் பார்த்துக்கொள்கிறோம். போனில், "சாப்ட்டியாக்கா?" என்பான், நான் "சாப்ட்டேன்" என்பேன், வைத்துவிடுவோம்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்த பஸ் பயணங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. மனைவி அடுக்களையில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அத்தப் போயி ஏன்க்கா நெனச்சிகினு கீறே? மானங்கெட்ட காலம் அது."

அவனுக்கு அப்படித்தான் இருக்கும், சரிதான். நான் பேச்சை மாற்றி, இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கட்டுமா என்று கேட்டேன்.