சிவப்பு பக்கெட்டின் முதல் இடம்

போன வாரம் எங்கள் ஆபீஸில், காலையில் சுறுசுறுப்பாக எழுவது எப்படி என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், போர்வையை நீங்களே மடியுங்கள், கூடவே வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் வகுப்பெடுத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாடத்தில் நான் பத்து வயதிலேயே கரை கண்டவள். வளர்ந்த ஆள் ஒருவரையே திருத்தி எடுத்தவள் என்று வெகு நாள் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். திருத்தப்பட்டவர் என் அப்பா.

அப்போது நாங்கள் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்களுக்கு வளை தனி, குளியலறை பொது. ஆறு வீட்டுக்கும் அது ஒன்றுதான். சண்டையில்லாமல் எல்லோரும் குளித்து வேலைக்குப் போக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாடு முடிந்து படுக்கப் போகுமுன் அவரவர் பக்கெட்டைக் குளியலறைக் கதவுக்கு முன்னால் வரிசையில் வைத்துவிட வேண்டும். முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்பதெல்லாம் கிடையாது. யாருக்குக் காலையில் ஷிஃப்ட் சீக்கிரமோ அவர் பக்கெட் முன்னால். லீவில் இருப்பவர்கள், வேலைக்குப் போகாதவர்கள் கடைசி. பக்கெட் வரிசையைப் பார்த்தே எந்த வீட்டில் யாருக்கு என்ன ஷிஃப்ட் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் சிவப்பு பக்கெட்தான் முதலில் நிற்கும். அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அதற்கு அடுத்த நீல பக்கெட் பக்கத்து வீட்டு ஆன்ட்டியுடையது. அவர் கார்மெண்ட்ஸில் தைக்கப் போகிறவர். ஆறே காலுக்கு மெயின் ரோட்டில் வேன் வந்துவிடும். கன்னடக்காரர்தான், ஆனாலும் எங்களோடு தமிழில் பேசுவார். என்னைப் புட்டி, அதாவது குட்டிப் பெண்ணே, என்று கூப்பிடுவார். வாய் கொஞ்சம் நீளம். உள்ளே யாராவது இரண்டு நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டால் போதும், கதவைத் தட்டி, "குளிக்கறியா, இல்ல கல்யாணத்துக்கு ரெடி ஆகறியா?" என்று கேட்பார். ஆறு வீடும் அவருக்குப் பயப்படும். அப்பேர்ப்பட்டவருக்கும் முன்னால் எங்கள் பக்கெட் நின்றதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குவது என் ஜாதகத்தில் இல்லை. இதிலாவது நாங்கள் முதல்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு அப்பாவின் கம்பெனி அவர் இருந்த பிரிவையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கான்ட்ராக்டில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்லிவிட்டேன், எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு ஷிஃப்ட் மாத்தறாங்க, கொஞ்ச நாள் லீவு" என்றாள் அம்மா. லீவு என்றால் சந்தோஷமான சமாச்சாரம் என்றுதானே எந்தக் குழந்தையும் நினைக்கும்? ஆனால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒன்பது மணி வரை எழவே இல்லை. எட்டிப் பார்த்தால் கண் திறந்தே இருக்கும்.

புது வேலை வேண்டுமானால் காலை ஏழு மணிக்குள் ஃபைலோடு கம்பெனி கேட்டுகளின் முன்னால் நிற்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் சூப்பர்வைசர்கள் வெளியே வந்து ஆள் பார்ப்பார்கள். ஒன்பது மணிக்கு எழுந்து போகிறவருக்கு அங்கே செக்யூரிட்டியின் முகம் மட்டும்தான் கிடைக்கும். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். எங்கள் சிவப்பு பக்கெட்டையும் எடுத்துப்போய் வரிசையின் கடைசியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்பு மிஸ் ஒரு சார்ட் கொடுத்தார். முப்பது நாளுக்கு முப்பது வரிசை. ஐந்தரைக்குள் எழ வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், போர்வையை மடிக்க வேண்டும், ஆறு மணிக்குள் குளிக்க வேண்டும், பத்து நிமிஷம் படிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் ஜோடியாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதும் சட்டம். நான் முதலில் அம்மாவைத்தான் கேட்டேன்.

"நான் தெனமும் நாலரைக்கு எந்திரிக்கறேன். எனக்கு எந்த மிஸ் டிக் போடுவாங்க?" என்றாள் அம்மா. அப்புறம் படுத்துக் கிடந்தவர் பக்கம் தாடையைக் காட்டி, "அவரக் கேளு" என்றாள்.

அப்பா சார்ட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அன்று இரவு நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். "இப்ப நமக்கு ஷிஃப்ட் இல்லடி, முன்னாடி வெக்கக் கூடாது" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். நான் கேட்கவில்லை. நீல பக்கெட்டைத் தள்ளிவிட்டு எங்களுடையதை முதலில் வைத்து நிமிர்ந்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆன்ட்டி நிற்கிறார்.

"என்ன புட்டி இது?"

"ஆறு மணிக்குள்ள குளிக்கணும் ஆன்ட்டி. சார்ட்ல இருக்கு. நானும் அப்பாவும்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஆன்ட்டி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். உள்ளே அப்பா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி குனிந்து தன் நீல பக்கெட்டை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"ஆயித்து, சரி, வெச்சிக்கோ. லேட் பண்ணே, ஒதை வாங்குவே" என்றார்.

சட்டம் என் பக்கம் இருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அப்பாவை உலுக்கி எழுப்பினேன். அவர் தண்ணீர் குடித்தாரா, போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடித்தாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். மூலை சேராவிட்டால் மறுபடி மடிக்கச் சொன்னேன். அவர் மடித்தார். முதலில் அவர் குளிப்பார், அப்புறம் நான். படிக்கும் பத்து நிமிஷத்தில் நான் கன்னடப் பாடம் படித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து தன் ஃபைலில் இருந்த தாள்களைப் படித்தார். குளித்துவிட்டோமே, சும்மா எதற்கு வீட்டில் உட்காருவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தார். அம்மா டிபன் பாக்ஸை நீட்டுவாள். நான் இரண்டு டிக் போடுவேன்.

பதினோராம் நாள் அப்பா எழவில்லை. முந்தின நாள் ஏதோ ஒரு கேட்டில், நாற்பது தாண்டிவிட்டது, சின்னப் பையன்களாக வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்ப்பா" என்று சிவப்பு இங்க்கில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். போட்டதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டவும் செய்தேன். இன்று நினைத்தால் என் கையை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அன்று இரவு அப்பாவே பக்கெட்டை எடுத்துப்போய் வரிசைக் கடைசியில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். விடிவதற்கு முன் போய் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு தூங்கினேன். ஐந்து மணிக்குக் கண் விழித்து ஓடிப்போனால் சிவப்பு பக்கெட் முதல் இடத்தில் நிற்கிறது! என் பின்னாலேயே அப்பாவும் வெளியே வந்தார். பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவைத்தேன். செய்ய நினைத்தது நான்தானே, அதனால் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு சார்ட்டில் பெருக்கல் குறியே விழவில்லை. முப்பது நாள் முடிந்ததும் அப்பா ஸ்கேல் வைத்து இன்னொரு தாளில் கோடு போட்டுத் தந்தார்.

அந்த நாட்களில் ஆன்ட்டிக்குத்தான் எல்லாம் தாமதமானது. ஈரத் தலையோடு, பின்னலைப் பாதியில் விட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுகூட வேனுக்கு ஓடுவார். ஒரு நாள் வேன் போயே போய்விட்டது. ஷேர் ஆட்டோவைத் தேடிக்கொண்டு ரோட்டில் நின்றார். பால் வாங்கப் போகும் வழியில் அவரைப் பார்த்த எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. ஊருக்கு உபதேசம் செய்யும் உற்சாகமும் சேர்ந்துகொண்டது.

"நீங்களும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சிப் பழகினா லேட்டே ஆகாது ஆன்ட்டி. எங்க அப்பாவே திருந்திட்டாரு" என்றேன்.

அந்த நீள வாய்க்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆயித்து மேடம். நாளைலேர்ந்து" என்று நெற்றியில் கை வைத்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

பல வருடம் கழித்து, எனக்கு வேலை கிடைத்த அன்று, இந்தக் கதையை அம்மாவிடம் பெருமையாக ஆரம்பித்தேன். அம்மா பாதியிலேயே நிறுத்தினாள். "பக்கெட்ட நீ எங்கடி மாத்தின? நான் நாலரைக்குத் தண்ணி புடிக்கப் போறேன், அந்த ஆன்ட்டிதான் நம்ம பக்கெட்டத் தூக்கி முன்னாடி வெச்சிட்டு இருக்காங்க. வேணாங்க, எங்களுக்கு ஷிஃப்ட் இல்லேன்னேன். 'ஒரு நாள் கடைசிக்குப் போனா அண்ணா நாளைக்கு எழுந்துக்க மாட்டாரு, சும்மா இருங்க'ன்னுட்டாங்க." லைன் வீட்டில் ரகசியம் ஏது? அப்பாவுக்கு வேலை போனது ஆறு வீட்டுக்கும் முதல் நாளே தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் உகாதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பொம்மசந்திராவிலேயே, ஆனால் ஜெனரல் ஷிஃப்ட். எட்டரைக்குப் போனால் போதும். அன்று இரவு அப்பா பக்கெட்டை எடுத்துப்போய் நாலாவது இடத்தில் நிதானமாக வைத்தார். வைத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே வந்தார். காலையில் நான் போய்ப் பார்த்தபோது முதல் இடத்தில் நீல பக்கெட் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆன்ட்டி, இது எங்க இடம்."

"இன்னிக்கு நான் மொதல்ல போறேன் புட்டி" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தைக் கிள்ள வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், அவங்க நம்ம இடத்தைப் புடுங்கிட்டாங்க என்று முறையிட்டேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அவங்க புடுங்கலம்மா" என்றார். எல்லோரையும் போல அப்பாவும் அவருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். உகாதி வரை ஆன்ட்டியோடு பேசவில்லை. அன்று அவர் கொண்டுவந்த ஒப்பட்டை, அதாவது போளியை, மட்டும் வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

நீல பக்கெட் முதலில் நின்ற அந்த நாள் காலையில் அவர் தலையைப் பின்னி முடித்து, பூ வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனுக்கு மெதுவாக நடந்து போனார். அத்தனை நாளும் ஓடியவர் அன்றுதான் நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், முதல் இடம் கிடைத்ததும் நடையைப் பார் என்று பல்லைக் கடித்தேன்.