மதினி மாற்றிச் சொல்லாத முடிவு

அந்தப் புரொஜக்டரின் வெளிச்சத்தில் வலது மூலையில் ஒரு மஞ்சள் கறை எப்போதும் இருக்கும். ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய சாமான் அது. மதினி அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மேசையில் வைத்தபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அந்தக் கறையோடுதான் நாங்கள் உலகத்தைப் பார்த்தோம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட அர்ஜென்டினாக் கிழவர்கள், அப்பாவின் பிணத்தைத் தூக்க நாலாவது ஆள் கிடைக்காமல் தவித்த போலந்துக் குடும்பம், கழுதையை விற்க மனமில்லாமல் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்த மொராக்கோ பெண் என்று எல்லாருடைய தலைக்குப் பக்கத்திலும் அந்த மஞ்சள் நின்றது. எல்லாமே குட்டிப் படங்கள். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும்.

மதினி என் அண்ணன் மனைவி, தூத்துக்குடிக்காரி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் வேலை பார்த்தாள். அவளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். 'அவ படம் போட்டுத்தான் ஒரு குடியைக் கெடுத்தா' என்று நாங்கள் குடியிருக்கும் ஹேடோ குவார்ட்டர்ஸில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த நாளில் இந்தத் தீவில் நெட் என்பது பெயருக்குத்தான். ஒரு போட்டோ இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். அதனால் படங்கள் கப்பலில் வந்தன. சென்னையில் இருந்த மதினியின் தம்பி, மெயின்லேண்டிலிருந்து கிளம்புகிற யாராவது தெரிந்தவர் கையில் பென்டிரைவைத் திணித்துவிடுவான். கடல் கலங்கினால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் படமும் வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் சங்கத்தின் கூடத்தில் திரை கட்டுவோம். இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் பிள்ளைகள் தூங்குவதற்குள் படம் முடிந்துவிடும்.

படங்களுக்குக் கீழே ஆங்கில எழுத்து ஓடும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். முதல் வாரமே யாரோ "க்யா போலா? க்யா போலா?" என்று நச்சரிக்க, மதினி எழுந்து திரையோரம் நின்றாள். என்ன பேசுகிறார்கள் என்பதைத் தீவு இந்தியில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் அதுதானே பொதுப் பாஷை! கவுண்டர் ஓட்டை வழியாகக் கத்திக் கத்திப் பழகிய குரல் அது, அலங்காரம் ஒன்றும் கிடையாது. அழுகிறவளுக்கும் அதே குரல், கொலைகாரனுக்கும் அதே குரல். அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லாமல் எங்களுக்குப் படமே பார்க்கத் தெரியவில்லை.

கூடத்தில் தவறாமல் முன்வரிசையில் உட்காருகிறவள் பௌதி. பெங்காலியில் அண்ணி என்று அர்த்தம். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். வடக்கே டிக்லிபூர்க்காரி, அரசாங்க ஸ்டோரில் வேலை, குவார்ட்டர்ஸும் அவள் பெயரில் அவள் வேலைக்குக் கொடுத்தது. சங்கச் செயலாளரின் தம்பியைக் காதலித்துக் கட்டினாள். அந்தத் தம்பி மெயின்லேண்டுக்குப் போகிறேன் என்று போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். வருஷங்கள் ஓடின. பிறகு அங்கே ஏதோ சரிப்படாமல், திரும்பி வருகிறேன் என்று தகவல் சொன்னான். செயலாளர் பெரிய மனசோடு தம்பியை மன்னித்துவிட்டார். பௌதி மன்னித்தாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் வருகிறவனுக்கு அவள் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த வாரம் பென்டிரைவில் வந்தது ஒரு பனிநாட்டுப் படம். கடலுக்குப் போன புருஷன் நெடுநாள் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே அவள் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள். அவன் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், பழைய பாட்டொன்றைப் பாடுகிறான். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைக்கிறாள். படம் முடிந்துவிடும்.

கூடத்தில் போடுகிற படத்தைச் செயலாளர் முன்கூட்டியே பார்ப்பது வழக்கம். பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"படத்தை நிறுத்துங்கன்னு சொல்லல மேடம். தாராளமா போடுங்க. கதைய நீங்கதானே சொல்றீங்க? கடைசியில, மறுநாள் காலையில அவ கதவத் திறந்துட்டாள்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அண்ணன் மதினியைப் பார்த்தான். "ஒரு வரிதானே, சொல்லிட்டுப் போயேன்" என்றான்.

மதினி எழுந்து டீ டம்ளர்களை எடுத்தாள். "கப்பல் போகாத அன்னைக்கு, போகும்னு கவுண்டர்ல இருந்து சொன்னா என்ன ஆவும்? சனம் பிள்ளைகுட்டியத் தூக்கிட்டு கப்பல்துறையில வந்து வெயில்ல நிக்கும்லா? என் வாயிலேர்ந்து அப்படி வராது சார். நீங்க வேணா சொல்லிக்கிடுங்க."

"அப்ப கூடத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார் அவர், அப்போதும் சிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டிக் கிடந்தது. வாசலில் எல்லாரும் நின்றார்கள், பௌதியும் நின்றாள். திரை கட்ட வேறு இடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். எதற்கு என்று மதினி கேட்டாள். "கூடம் அவர் பூட்டுக்குள்ள இருக்கட்டும். கதை என் வாய்க்குள்ளதானே இருக்கு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாத்தம் பாலத்தைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். அங்கிருந்து அக்கரைக்கு, பம்பூஃப்ளாட் போகிற ஃபெர்ரியில் எல்லாருமாக ஏறினோம். அக்கரையில் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது.

ஃபெர்ரி நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி ஆரம்பித்தாள். எஞ்சின் இரைச்சலை மீறிய குரல். பனி எப்படிக் கிடக்கிறது, கதவு என்ன மரம், சூப்பிலிருந்து ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று ஒன்றைக்கூட விடவில்லை. மோட்டார் சைக்கிளோடு ஏறியவர்கள், மீன் கூடைக்காரிகள், யாரென்றே தெரியாத ஜனமெல்லாம் நெருங்கி வந்து கேட்டார்கள். திரையில் பார்த்திருந்தால்கூட நான் அவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்க மாட்டேன். அவள் விளக்கை அணைத்தாள் என்று சொல்லி நிறுத்தியபோது அக்கரை வெளிச்சம் தெரிந்தது.

"ஃபிர்?" என்று ஒரு மீன்காரி கேட்டாள். அப்புறம்?

"ஃபிர் குச் நஹீ. கோலா நஹீ." அப்புறம் ஒன்றுமில்லை, திறக்கவில்லை.

பௌதி தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் மதினியை நினைத்து எனக்கு வந்த பெருமையை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

இப்போது கடலுக்கடியில் நெட் கேபிள் வந்துவிட்டது. அதே சங்கம் வருஷா வருஷம் குறும்பட விழா நடத்துகிறது, நல்ல கூடம், கறையில்லாத வெளிச்சம். மதினிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று போன வருஷம் கேட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள் நாக்கு ஓய்வு பெறவில்லை. "மொதல்ல குடியைக் கெடுத்தவள்னு சொன்ன வாயெல்லாம் வாபஸ் வாங்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்படிப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கப்பல் வந்த அன்று நடந்ததை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன்.

செயலாளரின் தம்பி பெட்டியோடு வந்தான், கூடவே அண்ணன்காரர். தன்னிடமிருந்த பழைய சாவியைப் பௌதி வீட்டுக் கதவில் போட்டுத் திருப்பினான். அது திரும்பவில்லை. செயலாளர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "பாத்தீங்களா? ஃபெர்ரியில ஏத்தி வச்சு என்னென்னமோ சொல்லி அவ புத்தியக் கெடுத்துட்டீங்க! பூட்டையே மாத்திட்டா!"

மதினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பௌதியின் ஜன்னல் திறந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது. இந்தியில், அவசரமில்லாமல் கேட்டாள்.

"அந்தப் படம் வந்தது போன வாரம்தானே? இந்தப் பூட்டை நான் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட்டேன்."

சொல்லிவிட்டு ரொட்டி கருகிவிடும் என்று உள்ளே போனாள்.